பருப்பொருள் சோதனைப் பெட்டி: தராசுக்காக வாங்கலாம், மாதிரிகளுக்காக வேண்டாம்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பள்ளிப் பொருள்கள் விற்கும் கடைகளில் 'பொருள்களின் பண்புகள்' என்ற தலைப்பில் ஒரு சோதனைப் பெட்டி கிடைக்கிறது. இணையத்திலும் அதே சரக்கு வெவ்வேறு பெயர்களில் வருகிறது. விலை இரண்டாயிரம் ரூபாய்க்குள். ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பவை: 200 கிராம் வரை நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசு, 100 மில்லி பிளாஸ்டிக் அளவுச்சாடி, 100 மில்லி கண்ணாடி பீக்கர் இரண்டு, சோதனைக் குழாய்கள், சிவப்புச் சாராயத் தெர்மாமீட்டர், சட்டக் காந்தம், லிட்மஸ் தாள், ஒரு சென்டிமீட்டர் உலோகக் கட்டிகள் ஐந்து, பாச்சை உருண்டை, மயில் துத்தம் (தாமிர சல்பேட்), இரும்பாணிகள், ஒரு கையேடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தராசு நன்றாக இருக்கிறது, அது ஒன்றுக்காகவே வாங்கலாம். கூட வைத்திருக்கும் மாதிரிப் பொருள்களில் பாதி வீண், ஒன்றிரண்டு தவறான முடிவையே தரும். ஆனால் குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு மாதிரிக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. உப்பளமும் ரப்பர் தோட்டமும் கருமணலும் தேங்காய் எண்ணெயும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் வேறு எந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?

தராசு 0.01 கிராம் வரை காட்டுகிறது. வாங்கியதும் சரிபார்க்க எடைக்கல் தேடி அலைய வேண்டாம். 2011 வரிசை ஐந்து ரூபாய் நாணயத்தின் எடை 6.00 கிராம். அதிகம் தேயாத பத்து நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 60-க்கு மிக அருகில் காட்ட வேண்டும். அரை கிராமுக்கு மேல் விலகினால் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வகைத் தராசுகளில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு குணம் உண்டு. பூச்சியத்துக்குப் பக்கத்தில் மிக மெதுவாக எடை ஏறினால், அதைத் தன் பிழை என்று எண்ணித் தானே திருத்திப் பூச்சியத்திலேயே நிற்கும். வெறும் தட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு 'ஒரு சொட்டின் எடை' காண முயன்றால் ஒன்றும் காட்டாது. தட்டில் முதலில் பீக்கரை வைத்து, பூச்சியப் பொத்தானை அழுத்தாமல், அந்த எடையின் மேல் சொட்டுகளைச் சேர்த்து, பிறகு கழித்துக்கொள்ள வேண்டும். மின்விசிறியை நிறுத்தாமல் கடைசி இலக்கத்தை நம்ப வேண்டாம்.

அளவுச்சாடி சுமார் ரகம். 30 டிகிரியில் 50 மில்லி தண்ணீர் 49.8 கிராம் இருக்க வேண்டும். 50 கோடு வரை நிரப்பி நிறுத்துப் பாருங்கள், ஒரு கிராம் வரை வித்தியாசம் வந்தால் இந்த ரகத்துக்கு அது சகஜம். பிளாஸ்டிக்கில் தண்ணீர் சரியாக ஒட்டாது. அதனால் கண்ணாடிக் குழாயில் தெரியும் கீழ்நோக்கிய பிறை இதில் ஏறக்குறைய தட்டையாகவே தெரியும். பாடப்புத்தகப் படத்தில் உள்ள பிறையைத் தேடிப் பிள்ளைகள் குழம்புவார்கள். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பெட்டியின் பெரிய குறை இந்தச் சாடியும் உலோகக் கட்டிகளும் சேரும் இடத்தில்தான். கட்டியைச் சாடியில் போட்டு நீர்மட்டம் ஏறுவதைப் பார்த்து அடர்த்தியைக் கணக்கிடு என்கிறது கையேடு. கட்டியின் பருமன் 1 கன சென்டிமீட்டர், சாடியின் கோடுகளும் ஒரு மில்லிக்கு ஒன்று. அரை மில்லி தவறாகப் படித்தாலே விடை இரண்டு மடங்காகவோ மூன்றில் இரண்டு பங்காகவோ மாறிவிடும். இரும்பின் அடர்த்தி 7.87, துத்தநாகம் 7.14. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பத்து சதவீதத்துக்கும் குறைவு. இந்த முறையில் இவற்றைப் பிரித்தறியவே முடியாது.

அதே பெட்டியில் இருக்கும் தராசைக் கொண்டே இதைச் சரியாகச் செய்யலாம், கையேடு எழுதியவர்கள் அதைச் சொல்லாமல் விட்டது வருத்தம். பீக்கரில் 60 மில்லி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். கட்டியை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படியும் அடியிலோ பக்கத்திலோ தொடாதபடியும் பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கட்டியின் பருமன், மில்லியில். கட்டி எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு எடைக்குத் தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது, அதே அளவு எதிர்விசை கீழே தராசில் விழுகிறது. 1 மில்லியை 0.01 நுட்பத்தில் அளந்தாகிவிட்டது. கட்டியைத் தனியே நிறுத்து இந்த எண்ணால் வகுத்தால் அலுமினியம் 2.70, இரும்பு 7.87, தாமிரம் 8.96 என்பதற்குப் பக்கத்தில் வரும். பித்தளை கலவை என்பதால் 8.4 முதல் 8.7 வரை எங்கும் இருக்கலாம். விடை குறைவாகவே வந்துகொண்டிருந்தால் கட்டியில் காற்றுக்குமிழ் ஒட்டியிருக்கிறது என்று பொருள். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழ் விலகும்.

தெர்மாமீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் 0, கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று பாருங்கள், ஒரு டிகிரி பிசகலாம். மலைப்பக்கத்துப் பள்ளி என்றால், ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பாச்சை உருண்டைப் பொட்டலத்தில் 'நாப்தலீன்' என்று எழுதியிருக்கிறது. மதிப்புரைக்கு எடுத்த பெட்டியில் இருந்தது நாப்தலீன் அல்ல. இதைக் கண்டுபிடிக்கும் வழியே இந்தப் பெட்டியில் செய்யக்கூடிய மிக நல்ல சோதனை. 100 மில்லி தண்ணீரில் 36 கிராம் உப்பைக் கரைத்தால் அறை வெப்பத்தில் தெவிட்டிய கரைசல் கிடைக்கும். அதன் அடர்த்தி 1.20. நாப்தலீனின் அடர்த்தி 1.14-ஐ ஒட்டி இருப்பதால் அது சாதாரணத் தண்ணீரில் மூழ்கும், உப்புக் கரைசலில் மிதக்கும். கழிப்பறைகளில் போடும் உருண்டைகளில் பெரும்பாலும் இருப்பது பாராடைகுளோரோபென்சீன். அதன் அடர்த்தி 1.25, எனவே இரண்டிலும் மூழ்கும். சந்தேகம் இருந்தால் உருகுநிலை தீர்த்துவைக்கும். சிறிது தூளைச் சோதனைக் குழாயில் போட்டு, 60 டிகிரி வெந்நீரில் நிறுத்தினால் பாராடைகுளோரோபென்சீன் 53 டிகிரியிலேயே உருகிவிடும். நாப்தலீன் 80 தாண்டும் வரை அசையாது. நிறம், மணம், தோற்றம் மூன்றும் ஏமாற்றினாலும் அடர்த்தியும் உருகுநிலையும் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். வராந்தாவில் வைத்துச் செய்யுங்கள், ஆவியை முகர விடாதீர்கள். ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணு எளிதில் சிதையும் பிறவிக் கோளாறு) உள்ள குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆபத்து.

தூய பொருளின் உருகுநிலையைப் பார்த்ததும் தேங்காய் எண்ணெயை எடுக்க வேண்டும். ஐஸ்பெட்டியில் வெள்ளையாக உறையவிட்டு, தெர்மாமீட்டரைச் செருகி, அறையில் வைத்து ஒவ்வொரு நிமிடமும் குறித்தால், நாப்தலீன் 80-இல் நிற்பதுபோல் இது ஒரே எண்ணில் நிற்காது. 22 டிகிரிப் பக்கத்தில் இளகத் தொடங்கி 26-க்குள் முழுதும் தெளியும். பல கொழுப்புகளின் கலவை என்பதே காரணம். அவற்றில் லாரிக் அமிலத்தின் பங்கு கிட்டத்தட்டப் பாதி. பேச்சிப்பாறைப் பக்கம் மார்கழிக் காலையில் பாட்டில் அடியில் வெண்மை படிவதும் கடற்கரையில் அப்படி ஆகாததும் இந்த இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தால்தான். ஐஸ்பெட்டியில் உறைந்தால் சுத்தமான எண்ணெய் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை இந்த வகுப்பிலேயே திருத்திவிடலாம். எண்ணெய்ப்பனைக் கொட்டைப் பருப்பின் எண்ணெயும் ஏறக்குறைய இதே வெப்பத்தில் உறையும், எனவே அந்தக் கலப்படம் இந்தச் சோதனையில் சிக்காது.

உப்புக்குப் பொட்டலத்தை நம்பாமல் புத்தளம், சாமிதோப்பு உப்பளத்துக் கல்லுப்பை வாங்குங்கள். உப்பின் கரைதிறனில் ஒரு வியப்பு இருக்கிறது. அறை வெப்பத்தில் 100 மில்லிக்கு 36 கிராம் கரையும், கொதிநீரில் 39 கிராம்தான். சர்க்கரையோ 200 கிராமிலிருந்து 480-க்கும் மேலே போகும். சூடான தெவிட்டிய உப்புக் கரைசலை ஆறவிட்டால் பெயருக்குத்தான் உப்பு படியும். உப்பு வேண்டுமென்றால் தண்ணீரை ஆவியாக்கியே தீர வேண்டும். அதனால்தான் உப்பளத்துக்கு வெயிலும் காற்றும் வேண்டியிருக்கிறது. கடல்நீரை 3 முதல் 3.5 டிகிரி போமேயில் (வெப்பம் அல்ல, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் அளவு) ஏற்றி, 25 டிகிரியில் உப்புப் படியவிட்டு, 29-ஐத் தாண்டும் முன் மிச்ச நீரை வடித்துவிடுகிறார்கள். வடிக்காமல் விட்டால் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்துகொண்டு கசக்கும். மழைக்காலத்தில் கல்லுப்பு கசிந்து ஈரமாவதற்கும் அந்த மெக்னீசியம் குளோரைடே காரணம். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் கசியும், மெக்னீசியம் குளோரைடோ 33-லேயே தொடங்கிவிடும். ஒரே தட்டில் கல்லுப்பையும் சுத்திகரித்த தூள் உப்பையும் தனித்தனியே ஐந்து கிராம் வைத்து இரவு திறந்துவிட்டுக் காலையில் நிறுங்கள். ஐப்பசியில் இந்த வேறுபாட்டைத் தராசு பளிச்சென்று காட்டும்.

காந்தப் பண்புக்குப் பெட்டியில் வைத்திருக்கும் சட்டக் காந்தம் போதாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் அதைத் துழாவினால் கொஞ்சம் மேக்னடைட் துகள்தான் ஒட்டும். கருமணலின் பெரும்பகுதியான இல்மனைட்டைத் தூக்க நியோடிமியம் காந்தம் வேண்டும். பழைய கணினி வன்தட்டில் இருப்பதே போதும். காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் வைத்தே துழாவுங்கள், இல்லையென்றால் ஒட்டிய மணலைப் பிரிக்க அரை நாள் ஆகும். பையைக் கவிழ்த்துக் காந்தத்தை உருவினால் மணல் தானாக உதிரும். இல்மனைட் முதலில் ஏறும், செம்மணல் நிறத்தில் இருக்கும் கார்னெட் மெல்ல நகர்ந்து வரும், வெண்மணலான குவார்ட்ஸும் சிர்கானும் அசையவே அசையாது.

அடர்த்தியிலும் இதே வேறுபாடு தெரியும். உலர்ந்த மணல் 50 கிராமைச் சாடியில் 50 மில்லி தண்ணீருக்குள் கொட்டித் தட்டிவிட்டால், குவார்ட்ஸ் மணல் மட்டத்தை ஏறத்தாழ 19 மில்லி உயர்த்தும், இல்மனைட் 11 மில்லிக்குள் நின்றுவிடும். இங்கே சாடி தாராளமாகப் போதும். முதலது 2.65, இரண்டாவது 4.7. மணவாளக்குறிச்சி அருமண் ஆலையில் மணலைப் பிரிப்பதும் இந்தப் பண்புகளை வைத்துத்தான். கனமானது நீரோட்டத்தில் பிரிகிறது, காந்தம் இல்மனைட்டை இழுக்கிறது, மின்னைக் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் உயர் மின்னழுத்தத்தில் ஒரு பக்கமும், கடத்தாத சிர்கானும் மோனசைட்டும் மறுபக்கமும் விழுகின்றன. எந்த வேதிவினையும் இல்லாமல், இயற்பியல் பண்புகளை மட்டும் கொண்டு ஒரு தொழிற்சாலையே நடக்கிறது. நம் ஊரில் இருந்தும் பாடத்தில் இது வராதது பெரிய இழப்பு. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. மணலைத் தூசி பறக்கக் கையாள வேண்டாம், கைப்பிடிக்கு மேல் எடுக்க வேண்டாம், சோதனை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். இந்தக் கனிமங்களைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

வேதிப் பண்புகளுக்கு வருவோம். கையேட்டின் முதல் பக்கத்திலேயே 'இயற்பியல் மாற்றம் மீளும், வேதியியல் மாற்றம் மீளாது' என்று கட்டம் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். இது தவறு, அதுவும் பிள்ளைகள் மனத்தில் ஆழமாக ஊன்றிவிடும் தவறு. சிப்பி ஓட்டை இடித்துத் தூளாக்கினால் திரும்ப ஓடு ஆகாது, ஆனாலும் அது இயற்பியல் மாற்றமே. அதே பெட்டியில் இருக்கும் மயில் துத்தத்தைச் சூடாக்கினால் நீர் பிரிந்து வெளுக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலம். வேதி மாற்றம் மீண்டுவிட்டது. புதிய பொருள் உருவானதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

துத்தத்தின் எடையில் 36 சதவீதம் நீர். 5.00 கிராமை முழுதும் உலர்த்தினால் 3.20 கிராம் மிஞ்ச வேண்டும். சாராய விளக்கில் பெரும்பாலும் 3.5-ஐ ஒட்டி நின்றுவிடும். ஐந்து பங்கு நீரில் நான்கு எளிதில் போகும், ஐந்தாவதை விரட்ட 200 டிகிரிக்கு மேல் வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கறுத்துப்போகும், அந்த வகுப்பு அதோடு முடிந்தது.

ரப்பர் பால் இந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல உதாரணம். குலசேகரம், அருமனைப் பக்கத்துப் பள்ளிகளில் காலையில் வெட்டிய பாலை 20 மில்லி எடுத்து, அதே அளவு தண்ணீர் கலந்து, வினிகரைச் சொட்டுச் சொட்டாகக் கலக்கியபடி விடுங்கள். லிட்மஸ் சிவக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னே பால் திரண்டு கட்டியாகும். திரண்டது மறுபடி பாலாகாது. ஆனால் ரப்பர் மூலக்கூறு மாறவே இல்லை. துகள்களைச் சுற்றியிருந்த புரதத்தின் மின்னூட்டத்தை அமிலம் அடக்கிவிட்டதால் விலகி நின்ற துகள்கள் ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும்போதுதான் ரப்பருக்கு உண்மையான வேதி மாற்றம் நடக்கிறது. ஷீட் அடிக்கும் இடத்திலிருந்து பார்மிக் ஆசிட்டை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். 85 சதவீத அமிலம் தோலைப் பொசுக்கும், இதற்கு வினிகரே தாராளம். அம்மோனியா விட்ட பால் என்றால் திரள அதிக வினிகர் கேட்கும், முதலில் அந்த அம்மோனியாவை அமிலம் தீர்த்தாக வேண்டும்.

கடியபட்டணம், இனயம் கரைகளில் சிப்பி அவித்த வீடுகளில் ஓடு எவ்வளவும் கிடைக்கும். கழுவிக் காயவைத்து இடித்த தூள் 2.50 கிராம், வினிகர் 80 மில்லி. இரண்டையும் தனித்தனியே தராசில் ஒன்றாக வைத்து மொத்த எடையைக் குறித்துவிட்டு, தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் நுரை வழிந்து கணக்குக் கெடும். ஓட்டின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே கால்சியம் கார்பனேட், அது 100 கிராமுக்கு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வேண்டும் என்பதால் இங்கே 1.10 கிராம் குறைய வேண்டும். கிடைப்பது 0.95-இலிருந்து 1.05 வரை இருக்கும். வாயுவில் கொஞ்சம் கரைசலிலேயே தங்கிவிடும், ஓட்டில் சில சதவீதம் புரதமும் இருக்கும். 'வாயு வெளியேறும்' என்று எழுதி மனப்பாடம் செய்த பிள்ளை அந்த வாயுவின் எடையைத் தானே அளந்து பார்ப்பது இந்தத் தராசு தரும் மிகப் பெரிய பயன்.

இரும்பாணிகள் துருப்பிடிக்கவில்லை என்று பலர் குறைசொல்வது நியாயம்தான். பெட்டியில் வருபவை துத்தநாகம் பூசியவை. வினிகரில் குமிழ் அடங்கும் வரை ஊறவிட்டுக் கழுவினால் பூச்சு கரைந்துவிடும், அல்லது வன்பொருள் கடையில் பூச்சில்லாத ஆணி கேட்டு வாங்குங்கள். பிறகு ஒன்றைக் கடல்நீரிலும், ஒன்றைக் குழாய்நீரிலும், ஒன்றைக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் மூழ்கவைத்து மேலே தேங்காய் எண்ணெய் படலம் ஊற்றியும் வையுங்கள். லிட்மஸ் தாள் பெட்டியிலேயே ஈரம் பட்டு மங்கியிருக்கும். செம்பருத்தி இதழைக் கொதிநீரில் ஊறவைத்த சாறு அதைவிடத் தெளிவு: அமிலத்தில் சிவப்பு, காரத்தில் பச்சை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய அக்கானியையும் (பதநீர்) தடவாத கள்ளையும் இதில் சோதித்தால் சுண்ணாம்பு ஏன் தடவுகிறார்கள் என்பதும் விளங்கும்.

மிஞ்சிய துத்தத்தை வீணாக்க வேண்டாம். ரப்பர் தோட்டங்களில் தெளிக்கும் போர்டோ கலவை 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும். அதையே 1 கிராம், 1 கிராம், 100 மில்லி என்று குறைத்துச் செய்யலாம். பாதித் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கி, மீதியில் துத்தத்தைக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றுங்கள், மாற்றி அல்ல. தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்புநிறம் படிந்தால் தாமிரம் இன்னும் கரைசலில் இருக்கிறது, சுண்ணாம்பு கூட வேண்டும். தோட்டக்காரர்கள் அன்றாடம் செய்யும் இந்தச் சோதனை இரும்பு தாமிரத்தை இடம்பெயர்க்கும் வினையேதான்.

பெட்டியோடு சேர்த்து வாங்க வேண்டியவை நியோடிமியம் காந்தம், 25 மில்லி கண்ணாடி அளவுச்சாடி, பாதுகாப்புக் கண்ணாடி. கடைசியாகச் சொன்னது பெட்டியில் இல்லவே இல்லை, அமிலமும் தீயும் தேவைப்படும் சோதனைகளுக்கான பெட்டியில் அதை விட்டது மன்னிக்க முடியாத குறை. துத்தக் கழிவைக் கிணற்றடியிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள், மீனுக்கு அது நஞ்சு. சுண்ணாம்பு சேர்த்து வண்டலாகப் படியவிட்டு, தெளிந்த நீரை வடித்து, வண்டலைக் காயவைத்துத் தனி டப்பாவில் மூடி வையுங்கள்.